யாசின் சாருக்கு ரிக்கார்டோ விளங்கியது

திண்டுக்கல் பேகம்பூருக்கு வந்து முகமது யாசின் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். எகனாமிக்ஸ் சார் வீடு என்றால் பெரியவர்கள் கை காட்டுவார்கள். ஷரீஃபா டெய்லர் வீடு என்றால் தெருவில் யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

யாசினும் நானும் பதினான்கு வருஷம் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவர் பொருளாதாரம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குக்கூட அவருக்கு நேரம் பிடிக்கும். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை.

அவரைப் பெற்ற அத்தா அப்பாஸ் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் அதைத் தோல் ஷாப் என்போம். காலமெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று கால்விரல் வெளுத்துப்போன மனுஷன். இந்தத் தோலையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று சின்ன வயதில் யாசின் கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "ஊரே பிரியாணி திங்குதுடா. கறிய நாம வச்சுக்கிட்டோம். தோல என்ன பண்றது? கப்பல்ல ஏத்துனா, அது வேணும்னு எங்கயோ ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். அவன் நல்லா இருக்கட்டும், அவனாலதான் நீ பள்ளிக்கூடம் போற."

கல்லூரியில் ஆதம் ஸ்மித்தைப் படித்தபோது யாசினுக்கு அத்தா ஞாபகம்தான் வந்ததாம். தன் தேவைக்கு மிஞ்சியது உள்ளூரில் மதிப்பில்லாமல் கிடக்கும், கடல் தாண்டினால் அதற்கும் ஒரு விலை உண்டு என்று ஸ்மித்தும் சொல்லியிருக்கிறார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறாரே என்று பிடித்துப்போய், அதையே மேல்படிப்புக்கும் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் வகுப்பில் பன்னாட்டு வணிகம் என்று ஒரு பாடம் வரும். நாடுகள் ஒன்றோடொன்று வியாபாரம் செய்வதால் யாருக்கு என்ன நன்மை என்பதைப் பழைய பொருளாதார அறிஞர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அதன் சாரம். யாசின் முதலில் ராஜாக்களின் காலத்தைச் சொல்வார். வெளியே விற்றால் தங்கம் வரும், வெளியிலிருந்து வாங்கினால் தங்கம் போகும், அதனால் விற்பது லாபம், வாங்குவது நஷ்டம் என்று நம்பிய காலம் அது. எல்லாருமே விற்கத்தான் செய்வோம் என்றால் யார்தான் வாங்குவது என்று பிள்ளைகளைக் கேட்டுச் சிரிக்க வைப்பார். அடுத்து ஸ்மித். தையல்காரன் தனக்கு வேண்டிய செருப்பைத் தானே தைத்துக்கொண்டு உட்காருவதில்லை. செருப்புத் தைப்பவனிடம் வாங்கிக்கொள்கிறான். குடும்பத்துக்கு எது புத்தியோ அதுதான் நாட்டுக்கும் புத்தி என்று அவர் சொன்னதை யாசின் ரசித்து நடத்துவார்.

மூன்றாவதாக டேவிட் ரிக்கார்டோ வருவார். அங்கேதான் யாசினுக்குக் குரல் இறங்கும். லண்டன் பங்குச் சந்தையில் சம்பாதித்துவிட்டுப் பொருளாதாரம் எழுத உட்கார்ந்தவர் ரிக்கார்டோ. அவர் ஒரு கணக்குப் போட்டார். இங்கிலாந்தும் போர்ச்சுகலும் துணியும் செய்யலாம், திராட்சை மதுவும் செய்யலாம். இரண்டையுமே போர்ச்சுகல் குறைந்த ஆட்களை வைத்துச் செய்துவிடும். அப்படியும் போர்ச்சுகல் மதுவை மட்டும் செய்துகொண்டு, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரண்டு நாட்டுக்குமே நல்லது என்று காட்டினார். யாசின் கரும்பலகையில் கட்டம் போட்டு எண்களை எழுதுவார், கூட்டுவார், கழிப்பார். விடை சரியாக வரும்.

ஒரு வருஷம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ரெண்டுலயும் நான்தான் கெட்டின்னா, ரெண்டுலயும் மட்டமா இருக்கிறவன்கிட்டப் போயி நான் எதுக்கு சார் வாங்கணும்?"

"கட்டத்துல வருதுல்லமா. அப்படியே எழுது, அஞ்சு மார்க்" என்று சொல்லிவிட்டு வந்தவர், ஆசிரியர் அறையில் என்னிடம், "அவ கேட்டதுதான் சார் எனக்கும் சந்தேகம். கணக்கு வருது, மனசு ஒப்ப மாட்டேங்குது" என்றார்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளியில் சேர்க்கை குறைந்தது. பொருளாதாரம் இருந்த பிரிவையே எடுத்துவிட்டார்கள். தமிழ் எல்லாப் பள்ளிக்கும் வேண்டியிருந்ததால் எனக்கு வேறிடம் கிடைத்தது. யாசின் ஏறி இறங்காத பள்ளி இல்லை. எங்கேயும் கணினியும் அறிவியலும்தான் கேட்டார்கள். மகள் மஹ்ஜபீன் அப்போதுதான் திருச்சியில் பார்மசி சேர்ந்திருந்தாள்.

வீட்டில் ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின் இருந்தது. ஷரீஃபா கல்யாணத்துக்கு முன்பே தையல் கற்றவர். ஊரடங்கில் மாஸ்க் தைத்தார். அப்புறம் நைட்டி. அப்புறம் ஜாக்கெட். அளவு ஜாக்கெட்டைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே பிடிக்கும், எங்கே தொங்கும் என்று சொல்லிவிடுவார். ஒரு முறை தைக்கக் கொடுத்தவர்கள் அடுத்த முறை அக்கா தங்கச்சியோடு வந்தார்கள்.

யாசினும் சும்மா இருக்கக் கூடாது என்று கூடமாட வேலை செய்தார். கொக்கி வைத்தார், ஓரத்துக்குக் கைத்தையல் போட்டார், இஸ்திரி போட்டார், உலை வைத்தார். எதைத் தொட்டாலும் ஷரீஃபா அவரைவிட நன்றாகவும் வேகமாகவும் செய்துவிடுவார். அவர் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடிப்பதற்குள் ஷரீஃபா இரண்டுக்கு வைத்திருப்பார். இவர் வடித்த சோறு குழைந்திருக்கும். ஷரீஃபா ஒன்றும் சொல்ல மாட்டார். அதுவே யாசினுக்கு உறுத்தியது. "திட்டுனாலாவது பரவால்ல சார்" என்று ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் சொன்னார். "எல்லாத்துலயும் மட்டமான ஒருத்தன் வீட்டுல இருந்து என்ன ஆகப்போகுது?"

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்துக் கிராமமான அகரத்திலிருந்து நாகஜோதி வந்தார். செவ்வந்தி போடுகிற குடும்பம். கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட், அதோடு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் பட்டுக்கும் ஜாக்கெட் என்று ஒரு பெரிய பையை வைத்துவிட்டுப் போனார். ஷரீஃபா அதுவரை அவ்வளவு வேலையை ஒரே நேரத்தில் வாங்கியதில்லை. நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

யாசின் பார்த்தார். எழுந்திருப்பதற்குள் ஒன்றையாவது வெட்டி வைத்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று நினைத்தார். மேலாக இருந்த துணியை எடுத்து விரித்து, அளவு ஜாக்கெட்டை அதன் மேல் வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினார். மிக நேர்த்தியாக வெட்டினார். தையலுக்கென்று ஓரத்தில் துணி விட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் எடுத்தது கல்யாணப் பெண்ணின் பட்டு.

ஷரீஃபா எழுந்து வந்து துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அல்லாஹ்வே" என்று மட்டும் சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நாகஜோதிக்கு போன் போட்டார்.

மறுநாள் காலையில் நாகஜோதி ஸ்கூட்டியில் வந்தபோது வாசலிலேயே யாசின் நின்றுகொண்டிருந்தார். "ஷரீஃபா மேல தப்பு இல்லமா. நான்தான் தெரியாம வெட்டிட்டேன்" என்றார்.

நாகஜோதி துணியை வாங்கி, அளவு ஜாக்கெட்டோடு வைத்துப் பார்த்தார். "கல்யாணம் முடிவானதுல இருந்து பொண்ணு இளைச்சுத்தான் போயிருக்கா சார். ஆனா இம்புட்டு இளைக்கல" என்றார்.

ஷரீஃபா பையில் இருந்த முகூர்த்தச் சேலையை விரித்துக் காட்டினார். "இடுப்புல சொருகுற தலைப்புல ஒரு சாண் எடுத்தா, அந்தப் பட்டுத் துணிய ரெண்டு பக்கமும் கொடுத்து அகலப்படுத்திரலாம். ஒட்டுப் போட்டதே தெரியாது. நீ சரின்னு சொன்னாத்தான் கத்தரி வைப்பேன்."

"எடுங்கக்கா. உள்ள சொருகுறத எவ பாக்கப் போறா" என்ற நாகஜோதி, தலை குனிந்து நின்ற யாசினைப் பார்த்தார். "விடுங்க சார். எங்க வீட்டுக்காரரு மருந்தடிக்கிறேன்னு ஒரு வயக்காட்டுச் செவ்வந்திய மொத்தமாக் கருக்கி வச்சாரு. அவரோடயும் குடும்பம் நடத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்தப் பெண் அன்று சத்தம் போட்டிருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஷரீஃபாவின் தொழிலே நின்றிருக்கும் என்று யாசின் இன்றைக்கும் சொல்வார். நாகஜோதி பெயரை எடுக்கும்போதெல்லாம் அவர் குரல் இளகும்.

ஆனால் அன்று அவர் மனம் ஆறவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகவும், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றும் ஷரீஃபாவிடம் சொன்னார்.

"கல்யாணத் துணி முடியட்டும் மச்சான். பெறகு பேசிக்கலாம்" என்றார் ஷரீஃபா.

அதற்குப் பிறகு யாசின் எதையும் தொடவில்லை. தொட்டால் கெடும் என்ற பயம். ஷரீஃபாவே வெட்டினார், தைத்தார், கொக்கி வைத்தார், இஸ்திரி போட்டார், நடுவில் எழுந்துபோய்ச் சோற்றுக்கு வெஞ்சனமும் வைத்தார். யாசின் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு காலை வேளையில் அவர் கண்ணில் அது பட்டது. மிஷின் சும்மா நின்றது. வெட்ட வேண்டிய துணிகள் கட்டில் மேல் அப்படியே குவிந்து கிடந்தன. ஊரிலேயே நன்றாக ஜாக்கெட் வெட்டுகிற ஒரு கை, கொக்கி வைத்துக்கொண்டிருந்தது.

"ஷரீஃபா, செத்த நேரம் அதக் கீழ வையி."

"எத?"

"அந்தக் கொக்கிய. நீ ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நேரத்துல இன்னொன்ன வெட்டிரலாம்ல?"

"வெட்டிரலாம். கொக்கிய யாரு வைப்பா? நீங்க வச்சா ரெண்டு பங்கு நேரமாகுது."

"ஆகட்டுமே. அந்த நேரத்துல நான் வேற என்னத்த வெட்டிக் கிழிக்கப் போறேன்?"

"வெட்டிக் கிழிச்சதத்தான் பாத்தோமே" என்றார் ஷரீஃபா. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

யாசினும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கேளு. கொக்கி வைக்கிறதுல நீ என்னைய விட ரெண்டு பங்கு கெட்டி. வெட்டுறதுல நீ எங்க, நான் எங்க. எல்லாத்துலயும் நீதான் ஒசத்தி, இல்லங்கல. ஆனா எல்லாத்துலயும் ஒரே அளவுக்கு ஒசத்தி இல்ல. நீ கொக்கிக்குச் செலவு பண்ற நேரம் ஒரு ஜாக்கெட்டச் சாப்பிட்டுப் போயிருது. நான் செலவு பண்ற நேரம் எதையும் சாப்பிடல. அப்ப கொக்கி என்கிட்ட இருந்தாத்தான மலிவு?"

ஷரீஃபா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "இது யாரு சொன்னது?"

"ரிக்கார்டோ."

"எந்த ஊருக்காரரு?"

"லண்டன். அவரு மவுத்தாகிப் போயி இருநூறு வருசமாச்சு."

"நல்ல மனுசன். போன வாரமே சொல்லியிருந்தீங்கன்னா என் கழுத்து தப்பிச்சிருக்கும்."

"வருசா வருசம் நானே போர்டுல எழுதிப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு இன்னைக்குத்தான விளங்குது."

ஷரீஃபா ஊசியை அவரிடம் கொடுத்தார். பிறகு கத்தரியை எடுத்தபடியே கேட்டார்: "சரி. இதுல வர்ற லாபத்துல யாருக்கு எம்புட்டுன்னும் அந்த மனுசன் சொல்லியிருக்காரா?"

"அத அவரு முடிச்சுச் சொல்லல. பின்னாடி மில்னு இன்னொரு வெள்ளக்காரரு வந்து சொன்னாரு. அடுத்தவன் சரக்கு யாருக்கு ரொம்ப அவசரமா வேணுமோ, அவனுக்குப் பங்கு கொறஞ்சுரும்னு."

"அப்ப நம்ம ரெண்டு பேருல யாருக்கு அவசரம்?"

"எனக்குத்தான்" என்றார் யாசின்.

"பரவால்ல. உண்மையச் சொல்றீங்க."

வாட்ச்மேன் வேலைப் பேச்சு அதோடு போயிற்று. கல்யாணத் துணிகள் குறித்த நாளுக்கு முன்பே முடிந்தன. கல்யாணத்துக்கு இருவரும் போனார்கள். மணமேடையில் அந்தப் பட்டு ஜாக்கெட்டைப் பார்த்தபோது யாசின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஒட்டுக் கொடுத்த இடம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. நாகஜோதி கூட்டத்தில் அவர்களைத் தேடி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து யாசின் எனக்கு போன் செய்தார். ரிக்கார்டோ எழுதியதை ஆங்கிலத்தில் தேடிப் படித்துக்கொண்டிருந்தாராம். "சார், பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல ஒண்ணு எழுதியிருக்காரு. நாட்டையெல்லாம் விட்டுட்டு ரெண்டு ஆளப் பத்திச் சொல்றாரு. ரெண்டு பேரும் செருப்பும் செய்வாங்க, தொப்பியும் செய்வாங்க. ஒருத்தன் ரெண்டுலயும் கெட்டி. ஆனா செருப்புல ரொம்பக் கெட்டி, தொப்பியில கொஞ்சம்தான் கெட்டி. அப்ப கெட்டிக்காரன் செருப்பே செய்யட்டும், மத்தவன் தொப்பி செய்யட்டும், ரெண்டு பேருக்கும் நல்லதுதானங்கறாரு. பாடப் புத்தகத்துல இத விட்டுட்டாங்க. எங்க வீட்டு விஷயத்த அந்த மனுசன் அப்பவே எழுதி வச்சிருக்காரு சார்." பிறகு, "மட்டமான ஆளுக்கும் ஒரு எடம் வச்சிருக்காரு" என்றார்.

வேலை பெருகியது. பக்கத்து வீட்டுக் காதர் பீவி மாமிக்குப் பக்கவாதம் வந்து இடது கை சரியாக எழும்பாது. சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து சலிப்பாக இருக்கிறது என்று ஷரீஃபாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். யாசின்தான் போய்க் கூட்டிவந்தார். தைத்த துணியில் பிசிறு நூலை வெட்டுகிற வேலை. அதைக்கூட யாசின் அவரைவிட வேகமாகச் செய்வார்.

"நீயே செஞ்சிரலாமே தம்பி, என்னைய எதுக்குக் கூப்பிடுற?" என்று மாமி கேட்டார்.

"நான் இதச் செஞ்சா கொக்கி நிக்கும் மாமி" என்றார் யாசின். இப்போது மாமி காலையில் தேநீர் குடித்த கையோடு வந்துவிடுகிறார். முடிந்த அளவு செய்கிறார், தன் பங்கைக் கூலியாக வாங்கிக்கொள்கிறார், தெருச் செய்தி அத்தனையும் சொல்கிறார்.

போன வருஷம் செம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பொருளாதாரத்துக்குத் தற்காலிக ஆசிரியர் கேட்டார்கள். யாசின் போய்ச் சேர்ந்தார். பஸ்ஸில் போய்வருகிறார், கொக்கியைச் சாயங்காலத்தில் வைக்கிறார். பன்னாட்டு வணிகப் பாடம் வந்தபோது முதலில் கட்டம் போடவில்லை. ஜாக்கெட், கொக்கி, கெட்டுப்போன பட்டு என்று வீட்டுக் கதையைச் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி கேட்டாள். அவள் அப்பா வேலை பார்த்த இடம், வெளியிலிருந்து மலிவான சரக்கு வந்ததால் மூடிப்போயிருந்தது. "நாட்டுக்கு லாபம்னா எங்க அப்பாவுக்கு ஏன் சார் வேலை போச்சு?"

இந்த முறை யாசின் அவளை மார்க்குக்கு எழுதச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒரு வேலை போனவன் அடுத்த வேலைக்குச் சட்டுனு போயிருவான்னு ரிக்கார்டோ மாதிரிப் பெரியவங்க கணக்குல வச்சுக்கிட்டாங்கமா. அம்புட்டுச் சுளுவா யாரும் போயிர முடியாது. எனக்குக் கொக்கி வேலை பிடிபடவே மாசக்கணக்காச்சு. அதுவரைக்கும் என்னையத் தாங்கிப் பிடிக்க வீட்டுல ஒருத்தி இருந்தா. எல்லாருக்கும் அப்படி அமையாது. அமையாதவங்கள அரசாங்கமும் ஊரும்தான் தாங்கணும். நாடு அடைஞ்ச லாபத்துல இருந்துதான் அதச் செய்யணும். உங்க அப்பா மேல ஒரு குத்தமும் இல்ல." வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் வேலை விசாரித்தார். கடைசியில் நாகஜோதி மூலமாகப் பூ ஏற்றுகிற வண்டியில் ஓட்டுநர் வேலை அமைந்தது.

நாகஜோதிக்கு ஒரு தங்கை, ஜீவிதா. சிங்கப்பூரில் நர்ஸ். அவளும் தையல் கற்றவள்தான். ஆனால் அங்கே அவள் ஆஸ்பத்திரியில் நிற்கிற நேரத்துக்கு உள்ள மதிப்பு வேறு. அக்கா போட்ட ஜாக்கெட்டைப் போட்டோவில் பார்த்துவிட்டு, தனக்கும் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் அளவு அனுப்பினாள். இப்போது மாதம் ஒரு பார்சல் பேகம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகிறது.

போன வாரம் நான் போயிருந்தபோது பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷரீஃபா மிஷினில் இருந்தார். யாசின் கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துவிட்டு மாமியிடம் நீட்டினார். மாமி அதை மடிமேல் விரித்து, நல்ல கையால் ஒவ்வொரு நூலாக வெட்டினார்.

"இது யாருக்குத் தம்பி?"

"பேரு தெரியல மாமி. ஜீவிதாவோட வேலை பாக்குற பொண்ணு. பிலிப்பைன்ஸ்காரப் பொண்ணாம். நம்ம சேலை கட்டணும்னு ஆசைப்பட்டுச்சாம்."

மாமி ஜாக்கெட்டை மடித்து, அதன் மேல் கையை வைத்தார். "யாரு பெத்த புள்ளையோ. போட்டுக்கிட்டு நல்லா இருக்கட்டும். அவ புண்ணியத்துல நம்ம அடுப்பெரியுது."

"ஆமீன்" என்றார் யாசின். மிஷினை நிறுத்தாமலே ஷரீஃபாவும் சொன்னார்.